மஞ்சள் கவுனின் உள்மடிப்பு

அந்தத் தெருவில் அவரை மையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அச்சுக்கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பத்து நகக்கண்ணிலும் கருப்பு மை கல்யாணத்துக்கு முன்பே குடியேறிவிட்டது. கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். அப்பேர்ப்பட்ட கையில் ஆறு வயதுப் பெண்பிள்ளையின் துணிமணிகளை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று தெருவே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. தெருவுக்கு வேறு என்ன வேலை?

ஒப்படைத்துவிட்டுப் போனது அவர் மனைவி. நர்ஸ். கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருட ஒப்பந்தம் வந்தது. போவதா வேண்டாமா என்று மூன்று வாரம் அவள் தூங்கவில்லை. கடைசியில் மையண்ணன்தான், "போயிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கறேன். நான் என்ன கை இல்லாதவனா?" என்றார். கை இருந்தது, உண்மைதான். அந்தக் கைக்கு என்ன தெரியும் என்பதை யாரும் அப்போது கேட்கவில்லை.

பிள்ளைக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. காரணப்பெயர். ஒரு இடத்தில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. காலையில் சுத்தமாகப் புறப்பட்டுப் போவாள். மாலையில் பார்த்தால் அன்று தெருவில் என்னென்ன நடந்ததோ அத்தனையும் அவள் உடுப்பில் இருக்கும்.

மையண்ணன் மொட்டை மாடியில் துணி துவைத்தார். குளியலறையிலேயே வேலையை முடித்திருக்கலாம், ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் முதல் வாரமே எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்று, "என்னண்ணே, டூட்டி மாறிடுச்சா?" என்று சிரித்தார். அன்றிலிருந்து இவர் தெருவைப் பார்த்த பக்கமாகத் துவைகல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சரி, நன்றாகவே பார்க்கட்டும் என்று சின்னச் சின்ன கவுன்களைக் கொடி முழுக்க விரித்துக் காயப்போட்டார்.

இதுவரை சொன்னது வீரம். இனி அந்த வீரம் சறுக்கிய இடத்துக்கு வருவோம்.

ஒரு சனிக்கிழமை பூங்காவின் சறுக்குமரத்திலிருந்து வாலு குப்புற விழுந்தாள். முழங்காலில் நல்ல வெட்டு. அவள் போட்டிருந்தது மஞ்சள் கவுன். அம்மா ஊருக்குப் போகுமுன் வாங்கிக் கொடுத்தது, அதனால் வாரத்தில் மூன்று நாள் அதைத்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பாள். முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். காலுக்குக் கட்டுப் போட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு மையண்ணன் கவுனைக் கையில் எடுத்தார்.

அச்சுக்கூடத்தில் மெஷின் துடைக்கிற துணிகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் போட்டு, சோடா உப்பைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க வேகவைப்பார்கள். எந்த மையாக இருந்தாலும் பாதிக்குமேல் கழன்றுவிடும். கறை என்றால் கொதிநீர், கொதிநீர் என்றால் சோடா. இதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் படித்த பாடம். கறையிலும் சாதி உண்டு, ரத்தத்துக்கும் பாலுக்கும் முட்டைக்கும் சூடு ஆகாது, சூடு பட்டால் அது நூலோடு நூலாக வெந்து ஒட்டிக்கொள்ளும் என்று அந்த டிரம் அவருக்குச் சொல்லவே இல்லை. மஞ்சள் கவுனை அண்டாவில் போட்டு அரைமணி நேரம் வேகவைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. சிவப்பாக இருந்தது காப்பி நிறத்தில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. மனிதர் அசருவாரா? இரண்டாவது தடவையும் வேகவைத்தார்.

மனைவி நர்ஸ். ரத்தக்கறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாளே பெரியம்மா வந்து இறங்கினார்.

பெரியம்மா என்றால் மனைவியின் அக்கா. மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் வீடு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவுக்குத் தலைவி. தைத்து வருகிற ஒவ்வொரு உடுப்பையும் புரட்டிப் பார்த்து, எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே எண்ணெய்ப் பொட்டு என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. அம்பு ஒட்டிய உடுப்பு கப்பல் ஏறாது. அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். சிலர் பையில் மாத்திரை இருப்பதில்லையா, அதுபோல.

அன்று வாலுவின் அலமாரியைத் திறந்து பதினேழு அம்பு ஒட்டினார். மஞ்சள் கவுனுக்கு மட்டும் நான்கு. ஒட்டி முடித்து, தங்கைக்கு வீடியோ கால் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"பாரு, இதைத்தான் உன் பொண்ணு போட்டுக்கிட்டு ஊர் சுத்துறா. அம்மா இல்லாத புள்ள மாதிரி இருக்கா. எங்கிட்ட அனுப்பு. ரெண்டு பசங்களும் வேலைக்குப் போயிட்டாங்க, வீடு சும்மாதான் கெடக்கு. அங்க நல்ல ஸ்கூல் இருக்கு. நான் ராணி மாதிரி வெச்சுக்கறேன்."

அது பொய்யில்லை. நிச்சயம் ராணி மாதிரிதான் வைத்துக்கொள்வார். அவர் வீட்டில் ஒரு அறைக்குப் புதுத் திரைச்சீலைகூடப் போட்டாகிவிட்டது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். நல்லவர்களை என்ன செய்வது?

மனைவி ஒவ்வொரு உடுப்பையும் திரையில் உற்றுப் பார்த்தாள். பிறகு, "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. நீங்களும் வேலைக்குப் போறீங்க, எவ்வளவுதான் பாப்பீங்க? இந்த டெர்ம் முடியட்டும். மூணு மாசம் பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா..." என்று நிறுத்தினாள்.

"இப்படித்தான்னா?" என்றார் மையண்ணன்.

"அக்கா கூட்டிட்டுப் போகட்டும்."

பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். சாப்பாடு போடவில்லை என்றா? பள்ளிக்கு அனுப்பவில்லை என்றா? நாலு அழுக்குக்காக! மையண்ணனுக்கு வந்த கோபத்தில் ஸ்டிக்கர் தாளைப் பிடுங்கிக் கிழித்திருப்பார். வாலு அதற்குள் ஒரு அம்பை உரித்து அவர் மூக்கில் ஒட்டிவிட்டாள். மூக்கில் அம்போடு எப்படிக் கோபப்படுவது?

அடுத்த நாளே தெருவில் யோசனைகள் கொட்டின. எதிர்வீட்டுக்காரர், "பிள்ளைய வெளிய விடாதீங்கண்ணே, மூணே மாசம்தானே," என்றார். அச்சுக்கூடத்து ஃபோர்மேன் இன்னும் சுலபமாக வழி சொன்னார். "ஏன்யா இதுக்குப் போய் மண்டைய ஒடச்சுக்கறே? எல்லாம் கருப்புலயும் காக்கியிலயும் எடுத்துக் குடு. பிரச்சன தீந்துச்சு."

"கருப்புல அழுக்கு இல்லாமலா போயிடும் சார்? கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதானே."

"தெரியலன்னா இல்லன்னு அர்த்தம்யா."

"அப்படின்னா நம்ம மெஷின்லயும் எல்லாத்தையும் கருப்புலயே அடிச்சுடலாமே சார். தப்பே தெரியாது."

ஃபோர்மேன் அதற்கப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மையண்ணனின் பிடிவாதம் இதுதான். துணிக்குப் பயந்து பிள்ளையைக் கட்டிப்போட மாட்டேன். நிறத்தை மாற்ற மாட்டேன். மண்ணில் விளையாடாதே, மரத்தில் ஏறாதே என்று சொல்ல மாட்டேன். அவள் கொண்டுவருவதைக் கொண்டுவரட்டும், எடுக்க வேண்டியது என் வேலை. சொல்வதற்கு என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. செய்யப் புகுந்த முதல் வாரமே இரண்டு சட்டையும் ஒரு பாவாடையும் பலியாயின. சறுக்குமரத்துத் துருக்கறைக்குப் பிளீச்சிங் பவுடரைப் போட்டார். கறை இன்னும் கறுத்து, சுற்றியிருந்த நிறம் மட்டும் பயந்து ஓடிப்போனது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சேற்றுக்கறையை ஈரத்தோடு போட்டுத் தேய்த்தார். அம்மி நகர்ந்திருக்கும், சேறு நகரவில்லை, துணிக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது.

பட்டபிறகுதான் தன் தொழில் அவருக்கு நினைவு வந்தது. ஐயாயிரம் தாள் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்க்காதவன் மெஷின்மேனே இல்லை. மையும் அதேதான், தாளும் அதேதான், ஆனால் முதலில் ஒரே ஒரு தாள். துணிக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பில் ஐயாயிரம்?

அன்றிலிருந்து எந்தக் கறை வந்தாலும் முதலில் கவுனின் கீழ்விளிம்பைத் திருப்புவார். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருப்பார்களே, அந்த உள்மடிப்புதான் அவருக்குச் சோதனைத் தாள். கறை எடுக்கிற மருந்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது என்பது அவர் கட்சி. மையில்லாமல் தாளை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்களா? அதனால் என்ன அழுக்கோ அதையே ஒரு பொட்டு அங்கே தடவுவார். பிறகு மருந்தை வைப்பார். காத்திருந்து பார்ப்பார். அங்கே சரிப்பட்டால்தான் வெளிப்பக்கம். சரிப்படாவிட்டால் பக்கத்தில் இன்னொரு பொட்டு, இன்னொரு மருந்து. சுத்தமாக இருக்கிற இடத்தில் வேண்டுமென்றே அழுக்கைத் தடவுகிற ஒரே சலவைக்காரர் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சேறா, காயவிடு, காய்ந்ததை உதறு, அப்புறம்தான் தண்ணீர். பேனா மையா, அடியில் மடித்த துணி வைத்து, ஸ்பிரிட்டால் பின்பக்கத்திலிருந்து ஒற்று, தேய்த்தால் பரவிவிடும். சைக்கிள் செயின் கிரீஸா, முகப்பவுடரைக் கொட்டி ஊறவிட்டு, பாத்திரம் துலக்குகிற சோப்பு. துருவுக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் வெயிலும். பபுள்கம்முக்கு ஐஸ். மெழுகு வண்ணத்துக்கு அச்சுக்கூடத்துக் கழிவுத்தாளை மேலும் கீழும் வைத்து இஸ்திரி. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், வெறும் பச்சைத் தண்ணீர். இதை அறிந்த அன்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

வாலு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பாள். மருந்து ஊறுகிற நேரத்தில் வேறென்ன செய்வது? எப்படிப் பட்டது, யார் தள்ளியது, அப்புறம் என்ன ஆனது என்று முழுக் கதையும் அப்போதுதான் வெளியே வரும். போனில் அம்மா கேட்டால், "ம்ம், சாப்ட்டேன். ம்ம், படிச்சேன்," என்று இரண்டு பதிலோடு ஓடிவிடுகிற பிள்ளை, துவைகல் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசும்.

டெர்ம் முடிந்தது. பரீட்சை முடிந்த மறுநாள், காலை பத்து மணிக்கே பெரியம்மா வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய காலிப் பெட்டி. முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே புரிந்தது. மையண்ணன் தண்ணீர் கொடுத்தார். அவர் பாதி குடித்து, செம்பை வைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். வாலு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே வேலைக்கு நடுவில் இடைவேளை. தலையில் தொப்பியோடு மனைவியின் முகம் திரையில் வந்தது.

பெரியம்மா ஒரு சட்டையை எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் புரட்டினார். கீழே வைத்தார். ஒரு கவுனை எடுத்தார். அக்குள், காலர், பையின் ஓரம். கீழே வைத்தார். ஸ்டிக்கர் தாள் அவர் இடது கையில் அப்படியே இருந்தது. நாலு, ஐந்து, ஆறு உடுப்பு ஆயிற்று. மையண்ணன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியம்மாவின் இடது கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருந்தாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் இப்போது இங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

செக்கிங் மேடம் சும்மா விடுவாரா? தொழிற்சாலையில் வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் உடனே அவர் செய்வது ஒன்றுதான். நீலக் கவுனின் கீழ்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து உள்பக்கம் திருப்பினார்.

உள்மடிப்பு பூராவும் திட்டுத் திட்டாக இருந்தது. வெளுத்த வட்டம், பழுப்புப் பொட்டு, நீலம் கசிந்த இடம், எலுமிச்சை அரித்த இடம். ஒன்றை ஒட்டி ஒன்று.

"அதானே பாத்தேன்! பூசி மெழுகியிருக்கார்டீ உன் புருஷன்! வெளிய பளபளன்னு வெச்சுட்டு உள்ள பாரு, முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கார்," என்று அம்புகளை ஒட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. "தம்பி, இதுக்கு என்ன சொல்றீங்க?"

மையண்ணனின் சிரிப்பு போய்விட்டது. அதை ஒரு குற்றமாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மறைக்கவும் இல்லை, காட்டவும் தோன்றவில்லை. சோதனைத் தாளை யார் வாடிக்கையாளருக்குக் காட்டுவார்கள்? ஒரு நிமிடம் தலையைக் குனிந்தார். பிறகு காலிப் பெட்டி கண்ணில் பட்டது.

"ஒட்டுங்கக்கா," என்றார். "எத்தன இருக்கோ அத்தனைக்கும் ஒட்டுங்க. ஒண்ணு விடாதீங்க. எல்லா கவுனையும் திருப்புங்க, எல்லாத்துலயும் இருக்கு. நான் தோத்த இடம் எல்லாம் அதுதான். வெளிய படக்கூடாதுன்னு உள்ள வெச்சுத் தோத்தேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இவள வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டியிருந்தா இதுல ஒரு பொட்டுகூட இருந்திருக்காது. அப்படி ஒரு சுத்தம் எனக்கு வேண்டாம். யாருக்கு வேணுமோ அவங்க வேற புள்ளைய பாத்துக்கட்டும்."

குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் பெரியம்மாவிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. பெரியம்மா விரல் நுனியில் ஒட்டிய அம்போடு அப்படியே நின்றார்.

திரையில் இருந்தவள்தான் முதலில் பேசினாள். "அக்கா, கொஞ்சம் கிட்ட காட்டு. அந்த முதல் அம்பு இருக்கே, அது என்னங்க?"

மையண்ணன் வாயைத் திறப்பதற்குள் வாலு குறுக்கே புகுந்தாள்.

"அது சைக்கிள் செயின்மா. அன்னைக்குதான் நான் யாரும் புடிக்காம ஓட்டினேன். முக்கு வரைக்கும்! அப்புறம் திருப்பத் தெரியல."

"நீ சைக்கிள் ஓட்டுவியா?"

"ஓட்டுவேனே."

"ரெண்டாவது?"

"அது பேனா. வாய்ப்பாடுல எனக்குத்தான் ஃபர்ஸ்ட். பின்னாடி பெஞ்ச் குண்டன் கடுப்புல மைய அடிச்சுட்டான். நான் அவன் டப்பாவ ஒளிச்சு வெச்சேன். மிஸ்ஸுக்குத் தெரியாது, சொல்லிடாத."

"இது, இந்த மஞ்சளா இருக்கறது?"

"முட்டை. அப்பா தோசைக்கரண்டிய போட்டுட்டு ஓடி வந்தாரு, எம் பல்லு விழுந்துச்சுல்ல, அன்னைக்கு. அது பக்கத்துல ஒண்ணுமில்லாம இருக்குல்ல, அங்கதான் பல்லு ரத்தம் வெச்சோம். அது போயிடுச்சு, பச்சத் தண்ணி."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனதிலிருந்து தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு பேசியிருக்கிறாள். வாய்ப்பாட்டில் முதலாவதாக வந்ததையும் முக்கு வரை தனியாக ஓட்டியதையும் ஒரு கவுனின் உள்மடிப்பு சொல்லித்தான் கேட்கிறாள்.

"அக்கா," என்றாள். "அடுத்த கவுன எடு."

பெரியம்மா அடுத்ததை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். யாரும் சொல்லாமலே ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு அம்பு ஒட்டினார், வாலு சொல்வதற்கு வசதியாக. இடைவேளை முடிந்துவிட்டது என்று அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். "ரெண்டே நிமிஷம்," என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். கடைசியாக வந்தது, அன்றிலிருந்து அலமாரி அடியிலேயே மடித்து வைத்திருந்த மஞ்சள் கவுன். அதன் உள்மடிப்பில் ஒரு பொட்டும் இல்லை. முன்பக்கத்தில் மட்டும் அந்தக் காப்பி நிறம், உள்ளங்கை அகலத்துக்கு, அன்று ஒட்டிய நாலு அம்போடு.

"சுடுதண்ணியா ஊத்துனீங்க? ரத்தத்துக்கா?" என்றாள் நர்ஸ். "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாது?"

"கேட்டா, எப்படி அடிபட்டுச்சுன்னு நீ கேப்ப. அப்புறம் நீ அங்க எப்படித் தூங்குவ?" என்றார் மையண்ணன். சற்றுப் பொறுத்து, "அதுவும் இல்லாம, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல," என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் உண்மை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அக்கா, பெட்டிய மூடு. அவ அங்கயே இருக்கட்டும்," என்றாள். அழைப்பு முடிந்தது.

பெரியம்மா ஸ்டிக்கர் தாளைப் பார்த்தார். ஒரு அம்பும் மிச்சமில்லை. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். புதுத் திரைச்சீலை போட்ட அந்த அறை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது. மையண்ணனுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

"லீவுக்கு அங்கதான்கா வருவா. பத்து நாள் வெச்சுக்குங்க. ஆனா கறையோடதான் திருப்பி அனுப்பணும். சுத்தமா அனுப்பினீங்கன்னா, அங்க விளையாடவே விடலன்னு அர்த்தம்."

"ரொம்பத்தான் திமிரு தம்பி உங்களுக்கு," என்றார் பெரியம்மா. என்றாலும் பாதி குடித்து வைத்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார். "அந்த மஞ்சள மட்டுமாவது தூக்கிப் போடுங்க. பாக்கச் சகிக்கல."

வாலு அதற்குள் அதைத் தலைவழியே மாட்டிக்கொண்டுவிட்டாள். நாலு அம்பும் முன்னால் தெரிய நின்றாள். வெளியே முந்தைய நாள் மழையில் தெருமுக்கில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பிள்ளைகள் சத்தம் கேட்டது. அவள் பெரியம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"போ," என்று மையண்ணன் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் ஓடியதும் மாடிக்குப் போய் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தார். பச்சைத் தண்ணீர்தான்.